எரியாத விளக்குக்கு முழு மார்க்

வசந்தாமணிக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டாள், பாத்திரம் தேய்ப்பாள். வாராவாரம் அவளோடு வந்துகொண்டிருக்கும் உங்களுக்கு இது புதிதல்ல. அன்றைக்கு விடிந்ததிலிருந்து அடிப்பிடித்த குண்டா ஒன்றை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

காரணம் பழசுதான். ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இரண்டு வருஷமாக இயற்பியலுக்கு வாத்தியார் கிடையாது. இருந்தவர் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி என்கிற முறையில் வசந்தாமணி கேட்காத ஆள் இல்லை. தறிக்கு ஒருநாள் லீவு போட்டுவிட்டு, கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் அவள் மனுக் கொடுத்ததையும், "விசாரிக்கச் சொல்றோம்மா, போங்க" என்று அங்கே அனுப்பி வைத்ததையும் போன வாரம் பார்த்தோம்.

அந்த விசாரணைக்குக் கல்வி அலுவலகத்திலிருந்து இன்று ஆள் வருகிறார். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் செய்முறைத் தேர்வும் இன்றுதான். வசந்தாமணியின் மகள் ரஞ்சிதா அதில் ஒருத்தி. சேலத்தில் ஏதாவது ஒரு நல்ல காலேஜில் இன்ஜினியரிங் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு இயற்பியல் மார்க் வேண்டும்.

அடுப்பில் கோழி கொதித்துக்கொண்டிருந்தது.

"யாருக்கும்மா கோழி?" யூனிபார்மோடு வந்து நின்றாள் ரஞ்சிதா.

"எக்ஸ்டர்னலுக்கு."

செய்முறைத் தேர்வை நடத்த வெளிப்பள்ளியிலிருந்து வருகிற டீச்சருக்குப் பெயர் எக்ஸ்டர்னல். அவருக்கு மத்தியானச் சாப்பாடு குழுத் தலைவி வீட்டிலிருந்து போக வேண்டும். எந்தச் சட்டத்திலும் இது இல்லை. இந்தப் பள்ளியின் வழக்கம், அவ்வளவுதான். வந்தவர் வயிறு குளிர்ந்தால் பிள்ளைகளுக்குத் தாராளமாக மார்க் விழும் என்று ஒரு கணக்கு. வாத்தியார் இல்லை என்று மனுக் கொடுத்தவளே, வாத்தியார் இல்லாதது வெளியே தெரியாமலிருக்கக் கோழிக்குழம்பும் வைக்கிறாளே என்று நீங்கள் கேட்கலாம். ரஞ்சிதாவும் அதைத்தான் கேட்டாள்.

"மனுவுங் குடுப்ப, கோழியுங் குடுப்ப. இதுல எதும்மா நெசம்?"

"ரெண்டும் நெசந்தான். போயி ரீடிங்க ஒருக்காச் சொல்லிப் பாரு, போ."

ரீடிங். இந்த ஒரு வார்த்தையைப் பற்றி மட்டுமே நாலு பக்கம் திட்டி எழுதுவேன், பத்திரிகை ஆசிரியர் இடம் தரமாட்டார். கருவியில் கண்ணை வைத்துப் பார்த்து, அளந்து எழுதுகிற அளவுக்குப் பெயர் ரீடிங். இந்தப் பள்ளியிலோ அது மனப்பாடச் செய்யுள் மாதிரி. முந்தின நாள் தலைமையாசிரியர் போர்டில் எழுதிப் போடுவார். பிள்ளைகள் உருப்போடுவார்கள். மறுநாள் அப்படியே தாளில் இறக்கி வைப்பார்கள். அவரும் பாவம், வணிகவியல்காரர். யாரிடமோ வாங்கி வந்துதான் எழுதிப் போடுகிறார்.

போன் அடித்தது. பூபதி.

ரஞ்சிதாவின் கூடப்பிறந்த இரட்டை. ராசிபுரம் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில், அங்கேயே தங்கிப் படிக்கிறான். அவனுக்கும் இன்றுதான் செய்முறைத் தேர்வு. வார்டனிடம் கெஞ்சிப் போனை வாங்கியிருந்தான்.

"நல்லாப் பண்ணு சாமி," என்று சொல்லிவிட்டு வசந்தாமணி போனை மகளிடம் கொடுத்தாள்.

"உனக்கு என்னடா எக்ஸ்பெரிமென்ட் வரும்?"

"எது வந்தா என்ன, எல்லாம் செஞ்சு பாத்ததுதான். உங்களுக்கு?"

"எங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான், ஸ்பெக்ட்ரோமீட்டர். மத்ததெல்லாம் ஒடஞ்சு கெடக்குது."

"அட, அது சுளுவுடி. ஆனா சோடியம் வெளக்கப் போட்டொடனே பாக்காத. மொதல்ல செவப்பா மங்கலா இருக்கும். சூடேறுனாத்தான் நல்ல மஞ்சளாகும். அப்பறம் பாரு, கோடு அத்தன அழகாத் தெரியும். எங்களுக்கு அதையே செஞ்சு செஞ்சு சலிச்சுப் போச்சு."

ரஞ்சிதா போனை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தாள்.

பத்தாவதில் அவனைவிட இவள்தான் அதிக மார்க். அந்தப் பள்ளிக்கு ஒருத்தரைத்தான் அனுப்ப முடியும் என்று வந்தபோது, வடக்கே ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்த அப்பா சென்னிமலை போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். பொட்டப்புள்ளையை ஹாஸ்டலில் விட முடியாது, பையன் போகட்டும். சரிங்க என்று சொன்னவள் வசந்தாமணி. அந்தச் 'சரிங்க'வை ரஞ்சிதா இன்னும் மறக்கவில்லை.

"அவனுக்குச் சலிச்சுப் போச்சாம்மா," என்றாள்.

வசந்தாமணி மறுபடி குண்டாவை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"இன்னைக்கு ஒரு நாளாச்சும் அந்த வெளக்கு எரியறதப் பாத்துருவேன்ல?"

"ஏன் பாக்காம? இன்னைக்கு லேப்பத் தொறந்துதான ஆவோணும். கெளம்பு."

அவள் போன கொஞ்ச நேரத்தில் ஊர் முழுக்கத் தறிச் சத்தம் ஒரே வெட்டாக நின்றது. ஆட்டையாம்பட்டிப் பக்கத்துத் தறிக்காரர்களுக்கு அதற்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. மாதாந்திர ஷட்டவுன். சாயங்காலம் வரைக்கும் கரண்ட் வராது. பேப்பரில் போட்டிருந்தார்களாம், பரீட்சைப் பரபரப்பில் வீட்டில் ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. தறி ஓடாதது ஒருவகையில் நல்லதுதான், நாமே பள்ளிக்கூடம் போய்ச் சாப்பாடு பரிமாறிவிட்டு விசாரணைக்கும் இருந்து பதில் சொல்லலாம் என்று நினைத்தபடி வசந்தாமணி கேரியரைக் கழுவினாள். விளக்கைப் பற்றிய யோசனை அவளுக்கு அப்போது வரவேயில்லை.

பள்ளியின் இயற்பியல் லேப் வருஷத்துக்கு ஒருமுறை திறக்கிற இடம். பாதி அறையில் கால் உடைந்த பெஞ்சுகள் அடுக்கியிருக்கும். மீதி அறையைப் பிள்ளைகளே பெருக்கித் துடைத்திருந்தார்கள். நடு மேசையில் ஸ்பெக்ட்ரோமீட்டர், அதன் பக்கத்தில் சோடியம் விளக்கு. விளக்கின் ஒளியைக் கண்ணாடிப் பட்டகம் ஒன்றின் வழியாக விட்டு, குழாயில் கண் வைத்துப் பார்த்துக் கோணத்தை அளப்பதுதான் சோதனை.

எக்ஸ்டர்னலாக வந்திருந்த சுகன்யா டீச்சர் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்த களைப்பில் இருந்தார். பிள்ளைகளைப் பார்த்ததும் சிரித்தார்.

"யாரும் பயப்படாதீங்க. தெரிஞ்சதை நீட்டா எழுதுங்க, போதும். எல்லாருக்கும் நல்லா போட்டுடறேன்."

பேனாக்கள் ஓட ஆரம்பித்தன. ஒரு பிள்ளைகூட மேசைப் பக்கம் போகவில்லை. ரஞ்சிதா மட்டும் எழுந்தாள்.

"மிஸ், வெளக்கப் போடுங்க மிஸ். சூடேறக் கொஞ்ச நேரமாவும்."

"கரண்ட் இல்லையேம்மா."

"அப்பறம் எப்படிங்க மிஸ் பாக்கறது?"

"பார்க்க வேண்டாம். ரீடிங் தெரியுமில்ல? எழுதிடு."

"தெரியுங்க மிஸ். ஆனா பாக்கல."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் காளியண்ணன் எட்டிப் பார்த்தார்.

"என்ன சாமி பிரச்சினை?"

"சார், ஆபீஸ் ரூம்ல ஃபேன் ஓடுதுங்களே. அந்த இன்வெர்ட்டர்ல இருந்து ஒரு ஒயர் இழுத்து இந்த வெளக்கப் போட்டுப் பாக்கலாமுங்களா?"

"அது ஆவாது சாமி. சாயங்காலத்துக்குள்ள மார்க்கையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தோணும். வெளக்கப் போட்டு சார்ஜ் எறங்கிப் போச்சுன்னா அப்பறம் மார்க்க எப்படி ஏத்தறது?"

நான் இட்டுக்கட்டிச் சொல்வதாக நினைக்காதீர்கள். மனுஷர் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே கவலைப்பட்டுத்தான் சொன்னார். விளக்கைப் பார்க்காத பிள்ளைக்கு விளக்கைப் பார்த்ததற்கான மார்க்கை ஏற்றுவதற்குக் கரண்ட் பத்திரமாக வைத்திருந்தார். எனக்கு இதை எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

ரஞ்சிதா உட்கார்ந்தாள். சூத்திரம் எழுதினாள். செய்முறை எழுதினாள். ஸ்கேல் வைத்து அட்டவணை போட்டாள். அட்டவணைக்குள் ஒரு எண்ணும் எழுதவில்லை.

வசந்தாமணி கேரியரோடு கேட்டுக்குள் நுழையும்போதே காளியண்ணன் ஓடி வந்து அதை வாங்கிக்கொண்டார்.

"நீங்க கொஞ்சம் உங்க புள்ளைக்கு எடுத்துச் சொல்லுங்கம்மா. எல்லாருந் தாளக் குடுத்துட்டாங்க. இவ மட்டும் ரீடிங்க எழுத மாட்டேங்கறா."

"ஏனுங்க, மறந்துட்டாளா?"

"மறந்திருந்தாத்தான் நாஞ் சொல்லிருவனே! வெளக்கு எரியல, அதனால எழுத மாட்டேங்கறா. ஒரு தாள் மட்டும் காலியா இருந்தா ஏன்னு கேப்பாங்க. கரண்ட் இல்லைன்னு சொன்னா, மத்த புள்ளைக எப்படி எழுதுச்சுன்னு கேப்பாங்க. எல்லாத்துக்கும் சிக்கலு. என்னையும் பாருங்கம்மா. ரிசல்ட் கொறஞ்சா மீட்டிங்ல எந்திரிச்சு நிக்கறது நாந்தான். வாத்தியாரக் குடுக்காதவுங்க யாரும் நிக்கறதில்ல."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் வசந்தாமணிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. லேப் வராந்தாவுக்கு மகளைக் கூப்பிட்டாள்.

"என்ன புள்ள கூத்து இது? எழுதிக் குடுத்துட்டு வா."

"பாக்காததப் பாத்தேன்னு எழுதச் சொல்றியா?"

"மார்க்குடி! அதில்லாம எந்தக் காலேஜுல சேத்துவாங்க உன்ன?"

"சேந்து? அங்க லேப்புல கொண்டு போயி நிறுத்தி இதச் செய்யின்னா என்ன பண்றது? அங்கயும் போர்டுல எழுதிப் போடுவாங்களா?"

"வாய்க்கு வாய் பேசாத."

"பூபதிகிட்ட இப்படிச் சொல்லுவியா நீ? அவனுக்கு வெளக்கையுங் குடுத்து, பாக்கவும் உட்டு, மார்க்கும் போடறாங்க. எனக்கு மார்க்க மட்டும் கையில குடுத்து வாய மூடிக்கச் சொல்றீங்க. நீயுங்கோட அவுங்ககூடச் சேந்துக்கிட்ட."

வசந்தாமணி கையை ஓங்கிவிட்டாள். பள்ளிக்கூடம் என்பது நினைவுக்கு வந்து இறக்கினாள்.

"அடி. அதாச்சும் நெசமா வலிக்கும்," என்றாள் ரஞ்சிதா. அழவில்லை.

அதற்குள் அதிகாரி வந்துவிட்டதாக ஆபீஸ் ரூமிலிருந்து கூப்பிட்டார்கள்.

ஆபீஸ் ரூமில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. காளியண்ணன் கேரியரைத் திறந்து இரண்டு இலை போட்டிருந்தார். ஒன்றில் சுகன்யா டீச்சர். எக்ஸ்டர்னலுக்கு வந்த கோழியில் பாதி விசாரணை அதிகாரிக்கும் போயிருந்தது.

"குழம்பு நல்லாருக்கும்மா," என்று ஆரம்பித்தார் அதிகாரி. "உங்க மனுவைப் படிச்சேன். இயற்பியல் ஆசிரியர் இல்லாம பிள்ளைங்க படிப்பு பாழாகுதுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க."

"ஆனா போன வருஷம் செய்முறையில இந்தப் பள்ளியில அத்தனை பேரும் முழு மார்க். இந்த வருஷமும் அப்படித்தான் வரும்னு ஹெச்.எம். சொல்றார். ஆசிரியர் இல்லாமயே முழு மார்க் வாங்கற பள்ளிக்கு அவசரமா ஆசிரியரைப் போடுங்கன்னு நான் எப்படி எழுதறது? நீங்களே சொல்லுங்க. கம்மியா வாங்கற பள்ளிக்குத்தானே முதல்ல போடுவாங்க?"

வசந்தாமணி காளியண்ணனைப் பார்த்தாள். அவர் ஃபேனைப் பார்த்தார்.

போன வருஷமும் அவள்தான் கோழி கொண்டு வந்தாள். பிள்ளைகளுக்கு நல்லது செய்வதாக நினைத்து இறைஞ்சி வாங்கிய மார்க், அதே பிள்ளைகளுக்கு வாத்தியார் வராமல் குறுக்கே படுத்துக்கிடக்கிறது. அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. எதிரே இலையில் குழம்பை வழித்துக்கொண்டிருந்த அந்த விரல்களைப் பார்க்கப் பார்க்க அது அதிகாரி மேலும் திரும்பியது.

"ஏனுங்க சார், உங்க தலைக்கு மேல ஃபேன் ஓடறதுனால தெரியலீங்க. எங்க ஊருல காலையில இருந்து கரண்ட் இல்லீங்க."

"சரி, அதுக்கென்ன?"

"சோடியம் வெளக்கு எரியவே இல்லீங்க. ஆனா அத்தன புள்ளைகளும் அந்த வெளக்கப் பாத்து ரீடிங் எழுதியிருக்குதுங்க. எக்ஸ்டர்னலக் கேளுங்க."

சுகன்யா டீச்சரின் கை இலையிலேயே நின்றது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்குப் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

"உண்மைதான் சார்," என்றார் மெதுவாக. "ஒரு பொண்ணு மட்டும் எழுதலை. இவங்க பொண்ணு."

அதிகாரி எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தார். முகம் மாறியிருந்தது.

"என்ன பேசறோம்னு தெரிஞ்சுதான் பேசறீங்களாம்மா? இது எழுத்துல வந்தா அத்தனை பேர் மார்க்கையும் நிறுத்தி வைக்கணும்."

"நிறுத்துங்க. கரண்ட் வந்தொடனே இன்னொருக்கா வெய்யுங்க. புள்ளைக செஞ்சு காட்டட்டும்."

"சொல்லிக்குடுக்க ஆளில்லாம பிள்ளைங்க எப்படிம்மா செய்யும்?"

"அதத்தானுங்க சார் ரெண்டு வருசமா நானுங் கேக்கறேன்."

அதிகாரி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளி, பேனாவையும் வைத்தார்.

"சரி, எழுதிக் குடுங்க. ஆனா மறுதேர்வு வச்சா அதுல வர்றதுதான் மார்க். இப்ப கைக்கு வந்த முழு மார்க் போயிடும். உங்க பொண்ணுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும். அதையும் யோசிச்சுக்குங்க."

வாசலில் ஏற்கெனவே கூட்டம் சேர்ந்துவிட்டது. தறி ஓடாத நாள். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மார்கள் எல்லோரும் ஜன்னலில் நின்றார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு ஆராயி உள்ளே வந்தாள். வசந்தாமணி தறி ஓட்டுகிற அதே பட்டறையில் தறிக்கான நூலைத் தாராகச் சுற்றுகிறவள். அவள் மகள் மௌனிகா, ரஞ்சிதாவின் வகுப்பு.

"ஏனுங்க்கா, எம்பட புள்ள எழுதிக் குடுத்துட்டா. அவளுக்கு மார்க்கு வந்துருச்சு. அதுல எதுக்குங்க்கா கை வெக்கறீங்க?"

"ஆராயி, கேளு..."

"நீங்க கேளுங்க்கா. உங்களுக்கு ராசிபுரத்துல ஒருத்தன் படிக்கறான். இங்க ஒண்ணு தப்பிப் போனாலும் அங்க ஒண்ணு இருக்குது. எனக்கு இவ ஒருத்திதான். இந்தப் பள்ளிக்கோடத்துல எங்களுக்குத் தடங்கலில்லாமக் கெடைக்கறது இந்த மார்க்கு ஒண்ணுதான். அதையும் புடுங்கிப் போடுவீங்களா?"

ராசிபுரம் என்ற சொல் வசந்தாமணியைச் சுட்டது. கையிலிருந்த போன் அதிர்ந்தது. சென்னிமலை. வடக்கே வேலை நேரத்தில் அந்த மனுஷன் கூப்பிடுகிறவர் இல்லை.

"நாந்தாம்மா போன் பண்ணிச் சொன்னேன்," என்றார் காளியண்ணன். "அவராச்சும் சொன்னாக் கேப்பீங்கன்னு."

வசந்தாமணி போனைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தாள். அது அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது.

"ஆராயி, எம்பட மேல கோவப்படு, தப்பே இல்ல. உம்பட புள்ளகிட்ட ஒண்ணு மட்டும் கேளு. என்னத்தப் பாத்து ரீடிங் எழுதுனான்னு கேளு. அப்பறம் நீ என்ன சொல்றயோ அதுதான். வேண்டாம்னு சொன்னா நா எழுதல."

ஆராயி திரும்பினாள். மௌனிகா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னத்த சாமி பாத்து எழுதுன?"

அந்தப் பெண் தலைமையாசிரியரைப் பார்த்தாள், பிறகு அம்மாவை.

"நேத்து சார் போர்டுல எழுதிப் போட்டாரும்மா. அத."

"அந்த மிசினப் பாக்கல?"

"இல்லம்மா."

"இன்னைக்குத்தான் கரண்ட் இல்ல. இதுக்கு முன்னால?"

"தொட உடமாட்டாங்கம்மா. ஒடஞ்சு போயிரும்னு."

ஆராயிக்கு ஸ்பெக்ட்ரோமீட்டர் தெரியாது, சோடியம் தெரியாது. மகள் படிக்கிறாள் என்பது மட்டும் தெரியும். அதை நம்பித்தான் தார் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

"எம்புள்ள பன்னெண்டாவது சயின்சு படிக்கறான்னு ஊரெல்லாஞ் சொல்லீட்டுத் திரிஞ்சனே சார்," என்றாள் காளியண்ணனிடம். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஆராயி மேசையருகே வந்து, பேனாவை எடுத்து வசந்தாமணியின் கையில் வைத்தாள்.

"எழுதுங்க்கா. எம்பட பேரையுஞ் சேத்து எழுதுங்க. ஆனா இப்பவே சொல்லிப் போட்டேன். எம்புள்ள மார்க்கும் போயி, வாத்தியாரும் வரலீன்னு வெய்யுங்க, நா எந்த ஆபீசுக்கும் போவமாட்டேன். உங்க ஊட்டு வாசல்லதான் வந்து உக்காருவேன்."